இடப்பக்கத்து உடைசல்

கடையில் அவளுக்குப் பெயர் பட்டன். கேம் கன்ட்ரோலர்களில் தேய்ந்துபோன பட்டன்களைப் பிடுங்கிவிட்டு வேறு போடுவது அவள் வேலை. பெயரும் அதிலிருந்தே வந்து ஒட்டிக்கொண்டது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். வயது முப்பத்து நாலு. அக்கா வீட்டின் முன்னறையில், துவைத்த துணிகளைக் குவிக்கிற கட்டிலில்தான் படுக்கை. காலையில் கிளம்பும்போது அக்கா தவறாமல் சொல்லி அனுப்புவாள்: "அங்க நாலு ஆம்பளைங்க பேசிட்டிருப்பாங்க. நீ உன் வேலையைப் பாரு, வாயைத் திறக்காதே." சொல்ல வேண்டிய தேவையே இல்லை. நாலு வருஷத்தில் அவள் வாயைத் திறந்து கடைக்காரரே நாலைந்து தடவைதான் பார்த்திருப்பார்.

பழைய கேம்களை வாங்கி விற்கிற கடை அது. பின்பக்கம், அலமாரிக்கு அந்தப் புறம், நாலு பிளாஸ்டிக் நாற்காலிகள். ஞாயிற்றுக்கிழமை மதியமானால் நாலிலும் ஆள் இருக்கும். ஒன்றில் கடைக்காரர். ஒன்றில் கணக்கு வாத்தியார். ஒன்றில் கூரியர் ஆபீசில் வேலை பார்க்கிறவர். கடைக்காரருக்குச் சகலை என்பதால் ஊருக்கே அவர் சகலைதான். நாலாவது நாற்காலி லிஃப்ட்டுக்கு. பெரிய ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறார்.

நாலு பேரையும் சேர்த்துக் கட்டியிருந்தது 'தாவும் தபால்காரன்' என்ற கேம். தோளில் பையோடு ஒரு தபால்காரன் கூரைக்குக் கூரை தாவி, மதிலுக்கு மதில் குதித்து, வீடு வீடாகக் கடிதம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம். ஏழு பாகம் வந்து, பதினோரு வருஷமாக எட்டாம் பாகம் வராமல் கிடக்கிறது. வருமா, வந்தால் எப்படி இருக்கும் என்பதுதான் வாரா வாரம் பேச்சு.

"இந்தத் தடவை அவன் கையில துப்பாக்கி கொடுக்கணும்" என்பார் சகலை.

"தபால்காரனுக்கு எதுக்குய்யா துப்பாக்கி? லெட்டர் வாங்கலைன்னா சுட்டுடுவானா?" என்பார் வாத்தியார்.

"வந்தாலும் போன்லதான் வரும். கண்ணாடியைத் தடவிக்கிட்டு உட்கார வேண்டியதுதான்" என்பார் கடைக்காரர். கன்ட்ரோலர் பிழைப்பு போய்விடுமே என்ற பயம் அவருக்கு.

லிஃப்ட் மட்டும் கடைசியில் பேசுவார். "வரும். ஆனா நான் இல்லாம வராது."

சும்மா சொல்கிற பேச்சில்லை அது. எட்டாம் பாகம் முழுவதையும் அவர் கட்டம் போட்ட நோட்டுகளில் பென்சிலால் வரைந்து வைத்திருந்தார். எந்தக் கூரை எத்தனை கட்டம், எந்த நாய் எந்த இடத்தில் திரும்பும், எல்லாம். வருஷத்துக்கு ஒரு தடவை கம்பெனிக்கு எழுதுவார். ஒரு வரி பதில் வந்ததில்லை. "பதில் வரும்போது அது நிஜமா போலியான்னு நான் ஒரே பார்வையில சொல்லிடுவேன். கடைசிக் கடிதத்துல ஒரு அடையாளம் இருக்கு. உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும்" என்பார். என்னவென்று கேட்டால் சொல்லமாட்டார்.

கடைசிக் கடிதம் என்பது கேமில் வருவது. ஒவ்வொரு பாகத்தின் முடிவிலும் தபால்காரனின் பையில் கொடுக்கப்படாத கடிதம் ஒன்று மிஞ்சும். அதன்மேல் சிவப்பு அரக்கு முத்திரை. கம்பெனி எழுதும் கடிதத்திலும் அதே முத்திரைதான் இருக்கும் என்பது லிஃப்ட்டின் நம்பிக்கை.

அந்த அடையாளம் பட்டனுக்கும் தெரியும். அவள் மேஜையில் இருந்த பழைய மெஷின் எப்போதும் இரண்டாம் பாகத்தின் கடைசிக் காட்சியில்தான் நிற்கும். பட்டன் மாற்றிய ஒவ்வொரு கன்ட்ரோலரையும் அதில் செருகி, படத்தை நிறுத்தி, ஓடவிட்டு, மறுபடி நிறுத்திப் பார்ப்பாள். ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது அந்த முத்திரை அவள் கண்ணெதிரே அசையாமல் நிற்கும். கேம் டப்பாவின் மேல் அச்சிட்ட படத்தில் முத்திரை வலப்பக்கம் உடைந்திருக்கும். கேமுக்குள்ளே உடைசல் இடப்பக்கம். அவ்வளவுதான் ரகசியம். அதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. கேட்க ஆளும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிஃப்ட் வாத்தியாரைப் பார்த்து, "நாலாம் பாகத்தையே முடிக்காத ஆளு நீங்க. தபாலைப் பத்தி நீங்க பேசக்கூடாது" என்றுவிட்டார். சகலை வாய்விட்டுச் சிரித்தார். வாத்தியார் முகம் சுருங்கிப்போனது.

மறுவாரம் லிஃப்ட்டுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. மூன்று பேர்தான் இருந்தார்கள். வாத்தியார் ஒரு தாளை விரித்தார். கம்பெனி எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தார். உங்கள் கடிதங்கள் எல்லாம் கிடைத்தன, எட்டாம் பாகத்தை உங்கள் வரைபடங்களை வைத்தே செய்யப்போகிறோம், அடுத்த மாதம் எங்களோடு வேலைக்குச் சேர வேண்டும், தேதி பின்னால் வரும். வெளிநாட்டு உறையும் ஸ்டிக்கரும் தன் பொறுப்பு என்றார் சகலை.

"ஒரு வாரம் தலைகால் புரியாம ஆடட்டும். அப்புறம் சொல்லிடலாம்" என்றார் கடைக்காரர். மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாத்தியார் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவால் வேறொரு தாளில் முத்திரையை வரைந்து பழகினார். உடைசலை வலப்பக்கம் போட்டார்.

எழுந்து தண்ணீர் குடிக்கப் போன பட்டன் நின்றாள்.

"உடைசல் இடப்பக்கம்" என்றாள்.

மூன்று தலைகளும் திரும்பின.

"டப்பாவுல தப்பா போட்டிருக்காங்க. கேம்ல இடப்பக்கம்தான். அவரு அதைத்தான் பார்ப்பாரு."

வாத்தியார் டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சகலை தொடையில் தட்டினார். "அடி பட்டன்! வாய்க்குள்ள இவ்வளவு வச்சிருந்தியா!" வாத்தியாரே பேனாவை அவள் பக்கம் நீட்டினார். ஈயம் பற்றவைத்துப் பழகிய கை. கடிதத்தில் ஒரே இழுப்பில் வரைந்து கொடுத்தாள். அச்சடித்த மாதிரி இருந்தது. கடைக்காரர் முன்கடையிலிருந்து ஐந்தாவது நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். "இங்க உட்காரு, எதுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு." அன்று சாயங்காலம் வரை அவள் அவர்களோடு உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் பாகத்து நாய் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொன்னாள். அதற்கும் சிரித்தார்கள். வீட்டுக்குப் போகும்போது நடையே வேறாக இருந்தது.

அடுத்த ஞாயிறு லிஃப்ட் கடிதத்தோடு வந்தார். கூடவே இரண்டு பாக்கெட் பிஸ்கட்.

"லென்ஸ் வச்சுப் பார்த்தேன்யா. அவங்களேதான். நான் சொன்னேனே அந்த அடையாளம், அப்படியே இருக்கு."

மூன்று பேரும் பிஸ்கட்டை மென்றார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், சிரிப்பு வெளியே வந்துவிடாமல் இருக்க. "பெரிய ஆளாயிட்டீங்க சார்" என்றார். அவளும் பிஸ்கட் எடுத்துக்கொண்டாள். அவரைப் பார்த்தாள். ஐம்பது வயது மனிதர், சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரோடு அழுதுகொண்டிருந்தார்.

அதற்கு அடுத்த ஞாயிறு உண்மையைச் சொல்வதாக ஏற்பாடு. சகலை அந்தச் சமயத்து முகத்தைப் படம் பிடிக்கப் போனைத் தயாராக வைத்திருந்தார். லிஃப்ட் வந்து உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகச் சொன்னார்:

"வேலையை விட்டுட்டேன்."

சகலை போனைக் கீழே வைத்தார்.

"திங்கக்கிழமையே எழுதிக் கொடுத்துட்டேன். பொண்டாட்டி குதிக்கிறா, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணுமேன்னு. எங்க இன்ஜினியர் நல்ல மனுஷன். வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் மேல அனுப்பாம வச்சிருக்கேன், மனசு மாறினா வந்து வாங்கிக்கோன்னு சொல்றாரு. மனசு எதுக்கு மாறுது? என் இடத்துக்கு நானே ஒரு ஆளைப் பிடிச்சுட்டேன். இந்த வாரம் அவனுக்கு வேலை சொல்லிக் கொடுக்கறேன்."

எட்டாம் பாகம் பற்றி அவர் மட்டும் பேசிவிட்டுப் போனார். போனதும் வாத்தியார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நேர்ல சொன்னா நம்மளை வெட்டிப் போட்டுடுவான். இன்னொரு லெட்டர் போடுவோம். மன்னிக்கவும், திட்டத்தைக் கைவிட்டுட்டோம்னு. வெள்ளிக்கிழமைக்குள்ள கையில கிடைச்சா வேலையைத் திரும்ப வாங்கிடுவான். நமக்கும் கெட்ட பேரு இல்ல."

"நாம எழுதினதுன்னு கடைசி வரைக்கும் தெரிய வேணாம்" என்றார் கடைக்காரர். "பட்டன், முத்திரையை நீயே போட்டுடு."

அவள் பேனாவை வாங்கினாள். யோசித்தாள். முத்திரையைச் சரியாகப் போட்டால் கம்பெனி தன்னைக் கழித்துவிட்டது என்று மனம் உடைவார். தப்பாகப் போட்டால், இது உள்ளூர் விளையாட்டு என்று பிடித்துவிடுவார், முதல் கடிதமும் அப்படித்தான் என்று புரியும், கோபம் வரும், கோபம் ஆறும். அவளுக்கு அதுதான் நியாயமாகப் பட்டது. உடைசலை வலப்பக்கம் போட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

புதன்கிழமை மதியம் லிஃப்ட் கடைக்குள் வந்தார். கையில் இரண்டாவது கடிதம். சிரித்துக்கொண்டிருந்தார்.

"பாரு, எவனோ ஒரு பொறாமை பிடிச்சவன் வேலையைக் காட்டியிருக்கான். டப்பாவைப் பார்த்து முத்திரை போட்டிருக்கான் முட்டாள். முதல்ல வந்தது நிஜம்னு இப்ப இன்னும் உறுதியாயிடுச்சு."

கடைக்காரர் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில் ஈயமே உருகியிருக்கும். லிஃப்ட் போனபிறகு, "என்ன பண்ணித் தொலைச்சே?" என்றார். அவள் அடுத்த கன்ட்ரோலரை எடுத்துத் திறந்தாள்.

வியாழக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். லிஃப்ட் மொட்டை மாடி மோட்டார் அறையில் இருந்தார். இரும்புக் கயிறு ஓடுகிற சத்தம். பக்கத்தில் வேலைக்கு வந்த புதிய ஆள் எண்ணெய்த் துணியோடு நின்றிருந்தான். லிஃப்ட் அவனைக் கீழே அனுப்பினார்.

"என்ன பட்டன், இவ்வளவு தூரம்?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "அண்ணா, அந்த லெட்டர் கம்பெனி எழுதினது இல்ல. வாத்தியார் எழுதினது. முத்திரை நான் போட்டேன். நாளைக்குள்ள உங்க ராஜினாமாவைத் திரும்ப வாங்கிடுங்க."

அவர் சிரித்தார். "எது, ரெண்டாவதா? அது எனக்கே தெரியுமே."

"முதல் லெட்டர்லயும் நான்தான். உடைசல் இடப்பக்கம்னு சொன்னது நான்தான்."

சிரிப்பு நின்றது. அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"அதைக் கண்டுபிடிக்க எனக்குப் பன்னெண்டு வருஷம் ஆச்சு. ஏழு பாகத்தையும் துண்டு துண்டா நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். நீ பட்டன் மாத்துற பொண்ணு. எத்தனாவது வரைக்கும் படிச்சே?"

"எட்டாவது."

"யாரு சொல்லிக் கொடுத்து அனுப்பினாங்க? வாத்தியாரா? நான் போறது அவருக்குப் பொறுக்கலை."

"பேனா கொடுங்கண்ணா. இங்கயே வரைஞ்சு காட்டறேன்."

"என் லெட்டரை அன்னிக்கு எல்லாரும்தான் பார்த்தீங்க. பார்த்ததை வரையறதுக்கு என்ன பெரிய மூளை வேணும்?"

அவளிடம் வேறு சாட்சி இல்லை. தினமும் ஐம்பது தடவை அந்த முத்திரையைப் பார்ப்பதைச் சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்குள் அவர் குரல் இளகிவிட்டது. தோளில் தட்டாத குறை.

"மனசுல வச்சுக்கலை, போ. அங்க போனதும் பட்டன் மாத்த ஆள் வேணுமான்னு கேட்டுப் பார்க்கறேன். நல்ல கை உனக்கு."

வெள்ளிக்கிழமை போனது. சாவிக் கொத்தைப் புதிய ஆளிடம் கொடுத்துவிட்டார் என்று சகலை கேள்விப்பட்டு வந்து சொன்னார். இன்ஜினியர் ஐந்து மணி வரை காத்திருந்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஐந்து நாற்காலியிலும் ஆள் இருந்தது. லிஃப்ட் புதுச் சட்டை போட்டிருந்தார். கம்பெனி தேதி எழுதுவதற்குள் வீட்டைக் காலி செய்து, மனைவியை அவள் அண்ணன் வீட்டில் விடப்போவதாகச் சொன்னார். மூன்று பேரும் தரையைப் பார்த்துத் தலையாட்டினார்கள்.

"ஒரு கூத்து கேளுங்க" என்று அவரே ஆரம்பித்தார். "நம்ம பட்டன் வியாழக்கிழமை மோட்டார் ரூமுக்கே வந்துட்டா. என்ன சொன்னா தெரியுமா? அந்த லெட்டரை வாத்தியார்தான் எழுதினாராம், முத்திரை இவ போட்டாளாம்!"

கடைக்காரர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"அப்படியா சொன்னே?"

முதலில் சிரித்தவர் வாத்தியார். "நானா? எனக்கு லீவ் லெட்டரே ஒழுங்கா எழுத வராதே!" சகலை அதைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். லிஃப்ட் கண்ணில் தண்ணீர் வர, எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். கடைக்காரர் மட்டும் சிரிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குக் காலையிலும் இதே கடைக்குத்தான் அவள் வர வேண்டும்.

"சும்மா சொன்னேன்ணா" என்றாள் அவள். சிரித்தாள்.

"அதானே பார்த்தேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் லிஃப்ட். பிறகு நோட்டை மடியில் விரித்து, எட்டாம் பாகத்தின் முதல் கூரையிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.