துறைமுகத்தையும் பாத்துட்டுப் போங்கோ

சொந்த ஊரை மற்றவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிற தொழிலில் பெரிய கரைச்சல், வருகிறவர்கள் எதைப் பார்ப்பது என்று வீட்டிலேயே தீர்மானித்துவிட்டு வருவதுதான். உறவுக்காரரை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போன எவருக்கும் இந்த வேதனை தெரியும். நான் நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் வழிகாட்டி. கடல், கோயில், கோட்டை, திமிங்கிலம்: திருகோணமலை இவ்வளவுதான் என்று நினைப்பவர்களுக்குத் துறைமுகத்தையும் காட்டாமல் விடமாட்டேன்.

பாண்

கொழும்பிலிருந்து வந்த ஒரு குடும்பத்தைச் சீனக்குடாப் பக்கம் கூட்டிப்போனேன். வீதியோரம் வான் வண்டியை நிறுத்தி, தண்ணீருக்கு அந்தப் பக்கம் உயர்ந்து நிற்கும் மா ஆலையைக் காட்டினேன். கோதுமைக் கப்பல் வருவதையும் மாவு நாடு முழுக்கப் போவதையும் சொன்னேன். பிள்ளைகள் இறங்கிப் பார்த்தார்கள். தகப்பன் இறங்கவில்லை.

“காலமை நீங்கள் சாப்பிட்ட பாணும் இந்த மாவாத்தான் இருக்கும் சேர்” என்றேன்.

அவர் கண்ணாடியைப் பாதி இறக்கினார். “தங்கச்சி, பாண் சாப்பிட வந்தனாங்கள். பேக்கரி பாக்க வரேல்ல.”

பூட்டும் பெட்டியும்

அந்த மனிதர் ஹோட்டல் முதலாளியிடம் முறையிட்டுவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, இனித் துறைமுகம் வேண்டாம் என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. “கோட்டையை ஏன் கட்டினவை? பறங்கியும் ஒல்லாந்தரும் இங்கிலீசுக்காரரும் இந்தத் துறைமுகத்துக்காகத்தானே அடிபட்டவை? அதை விட்டிட்டுக் கோட்டையை மட்டும் காட்டினால், பெட்டியை ஒளிச்சு வைச்சுப் பூட்டைக் காட்டுற மாதிரி.”

அவர் கதிரையில் சாய்ந்துகொண்டார். எனக்கு இந்த வேலை தேவை என்பது அவருக்கும் தெரியும். “சரி நஸீரா, நாளைக்கு ஒரு ஆளாவது வந்தால் போங்கோ. வராட்டி திமிங்கிலப் படகிலை ஏறுங்கோ, வாயைத் திறக்காமல்.”

ஒரே ஒரு ஆள்

மறுநாள் காலைச் சாப்பாட்டு நேரம் மேசை மேசையாகப் போய்க் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், ஒருவரும் எழும்பவில்லை. கடைசி மேசையில் தனியாக இருந்த அமெரிக்க அம்மா ஒருவர் மட்டும் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார்.

போகிற வழியில் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். பெரிதும் இல்லை, சிறிதும் இல்லை, உருக்காலையால் வளர்ந்த நகரம். தகப்பன் உலையடியில் வேலை செய்தவர். ஆலையை மூடியதும் ஊர் செத்துவிட்டது என்று எல்லாரும் எழுதினார்களாம். இருந்த சனம் விட்டுப்போகாமல் நின்று, இடிக்க வந்தவர்களை மறித்து ஒரு உலையைக் காப்பாற்றியதாம். மறித்தவர்களில் அவரும் ஒருவர்.

காட்டுக்குள் துருப்பிடித்து நிற்கும் எண்ணெய்த் தாங்கிகளை வீதியில் நின்று காட்டினேன். இரண்டாம் உலக யுத்தத்தில் ஜப்பான்காரர் தாக்கி ஒன்று எரிந்ததைச் சொன்னேன். பிறகு குடாவில் நின்ற கப்பலைக் காட்டினேன். அவர் வெகு நேரம் அதையே பார்த்தார். ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் தருகிறேன்: “எங்கட உலையிலை இப்ப நெருப்பில்லை, பாக்க வாற ஆக்களுக்கு டிக்கட் மட்டும்தான் இருக்கு. உங்கட துறைமுகத்திலை இன்னும் வேலை நடக்குது. வெக்கப்படாமல் சத்தமாச் சொல்லு.”

தேத்தண்ணிக் கடை

சத்தமாகத்தான் சொன்னேன், கொஞ்சம் கூடிவிட்டது. அடுத்த கிழமை நாலு வெளிநாட்டுக்காரரோடு துறைமுக வாசலுக்கு எதிரே இறங்கி, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த தொழிலாளர்களைக் கை நீட்டிக் காட்டி விளக்கத் தொடங்கினேன். பாரந்தூக்கி ஓட்டுகிற ரபீக் நானா, பக்கத்துக் கிண்ணியாக்காரர், எங்களுக்கு அண்ணன் மாதிரி, கோப்பையைக் கீழே வைத்தார். “என்ன தங்கச்சி, நாங்க என்ன மிருகக்காட்சிச்சாலையா?”

வெட்கத்தில் வண்டியில் ஏறி ஓடியிருக்கலாம், ஓடவில்லை. “பிழைதான் நானா. இருந்து கதைப்பமா?” என்றேன். இருந்த வாங்கில் தள்ளி இடம் விட்டார்கள். உள்நாட்டு யுத்த நாட்களில் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி வேலைக்கு வந்ததையும், பின்னேரம் தான் வீடு திரும்பும்வரை மனைவி வாசல் படலையடியில் நின்றதையும் நானா சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். வெளிக்கிடும்போது நானா கூப்பிட்டார்: “இனிமே வாறதா இருந்தா முதல்லயே சொல்லிட்டு வாங்க. சட்டையையாவது மாத்திக்கிட்டு இருப்பம்.”

பலகை

ஐப்பசிக் காற்றில் கடல் கொந்தளித்தது. படகு போகவில்லை, ஹோட்டல் நிறையச் சனம். முதலாளி என் வீட்டுக்கே போன் எடுத்தார்: “நஸீரா, உங்கட துறைமுகத்தைக் கொஞ்சம் காட்டுவீங்களோ?”

“வாசல் பலகையிலை திமிங்கிலத்துக்கு மேலை அதை முதலாவதா எழுதுங்கோ, வாறன்.”

“இல்லாட்டி?”

“ஏலாது.”

“சரி, வாங்கோ” என்று போனை வைத்தார். நான் போய் இறங்கியபோது கையில் சோக்குக்கட்டியோடு வாசலில் நின்றார். “எழுதியாச்சு. ஆனால் திமிங்கிலத்தை அழிக்கேல்ல, அது இரண்டாவதா நிக்கட்டும்.”

சொந்த ஊரை நேசிப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை, எதிரே நிற்பவர் கொட்டாவி விட்டாலும் அதைச் சொல்லி முடிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.