சேகர் என்கிற பிரேக்

இந்த ஊரில் வாசலில் நின்றால் எதிர்வீட்டின் கூரைதான் தெரிகிறது. எதிர்வீட்டுக்காரர் அவர் வாசலில் நின்றால் அவருக்குக் கீழே இன்னொரு கூரை. நியூசிலாந்தின் வெலிங்டன் முழுக்க இப்படித்தான். வந்த புதிதில் போனில் ஊர்ப்பெயரைச் சொன்னதும், மஞ்சக்குப்பத்திலிருந்து பெரியப்பா, "திட்டக்குடிக்கா மாத்திட்டாங்க?" என்று கேட்டார். எங்கள் கடலூர் மாவட்டத்தில் திட்டக்குடிப் பக்கம் வெலிங்டன் ஏரி இருக்கிறது. அங்கே மாற்றியிருந்தால் என் முழங்காலாவது பிழைத்திருக்கும்.

போன மாதம் ஒரு பழைய சைக்கிள் வாங்கினேன். ஃபிக்ஸட் கியர் என்றான் விற்ற இளைஞன். இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். "இதில் பிரேக் கிடையாது, தெரியும்தானே?" என்று இரண்டு முறை கேட்டான். எனக்குச் சிரிப்பு வந்தது. "காலேஜ் முடிக்கும்வரை பிரேக் இல்லாமல்தான் ஓட்டினேன்" என்றேன். அவன் என்னைப் பெரிய வித்தைக்காரனாக நினைத்து எழுந்து நின்று கை குலுக்கினான்.

நான் பொய் சொல்லவில்லை. நானும் என் மாமா மகன் சேகரும் சிதம்பரத்தில் ஒரே அறையில் தங்கிப் படித்தோம். இருவருக்கும் சேர்த்து ஒரே சைக்கிள். பிரேக் கட்டை தேய்ந்து விழுந்த பிறகு அதை மாற்ற வேண்டுமென்று தோன்றவே இல்லை. மிதிப்பது நான், கேரியரில் உட்காரும் சேகர்தான் பிரேக். கடலூரில் நாங்கள் கண்ட மேடெல்லாம் வேகத்தடைதான். சிதம்பரத்தில் ரயில்வே மேம்பாலம் இருந்தது. உச்சியில் நான், "மச்சான், ஊணு!" என்பேன். அவன் இரண்டு காலையும் தார்ரோட்டில் ஊன்றித் தேய்த்துக்கொண்டே வருவான். "டேய், செருப்பு புதுசுடா!" என்று அவன் போடும் கூச்சல்தான் எங்களுக்கு பெல்.

விமானம் ஏறும்போது அவனிடம், "ஒரே வருஷம் மச்சான், உன்னையும் கூப்டுக்கறேன்" என்று வாய்விட்டிருந்தேன். ஐந்து வருடம் ஓடிவிட்டது. கூப்பிட வழியில்லை, அதைச் சொல்ல முகமும் இல்லை. நாலைந்து மாதமாக அவன் போனையே எடுக்காமல் இருந்தேன். இப்படியே போனால் அவனை இழந்துவிடுவேன் என்று தெரிந்தும் எடுக்கவில்லை.

சைக்கிளில் முதல் நாள் வேலைக்குக் கிளம்பினேன். இறக்கம் தொடங்கியதும் மிதிப்பதை நிறுத்தினேன். சைக்கிள் நிறுத்தவில்லை. சக்கரம் சுற்றுகிறவரை பெடலும் சுற்றும். காலைப் பின்னுக்கு அழுத்தித்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்ற விஷயத்தை அந்த இறக்கத்தில்தான் தெரிந்துகொண்டேன். அதுவரை நான் சைக்கிளை ஓட்டினேன், அதற்குப் பிறகு அது என்னை ஓட்டியது. செருப்பை முன் டயரில் வைத்து அழுத்தலாமென்றால் காலில் ஆபீஸ் ஷூ, காலோ பெடலோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருந்தது. செத்தோம் என்று நினைத்தேன். தொண்டை கிழிய, "மச்சான், ஊணு!" என்று கத்தினேன். பின்னால் கேரியர்கூடக் கிடையாது. நாயோடு நடந்துபோன ஒரு பாட்டியம்மா நான் வணக்கம் சொல்வதாக எண்ணி மலர்ந்த முகத்தோடு கையசைத்தார். நல்லவேளை, அன்று குப்பை எடுக்கும் நாள். வரிசையாக நின்ற தொட்டிகள் என்னை வாங்கிக்கொண்டன.

அன்று சாயங்காலம், ஊரில் காலை வேளை, சேகரை நானே கூப்பிட்டேன். மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். மிஷின் சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் கொட்டினேன். "உன்ன இங்க கூப்ட முடியாது மச்சான். அதச் சொல்ல முடியாமத்தான் போன எடுக்கல."

மிஷின் நின்றது. "லூசுப்பயலே, அது எனக்கு ரெண்டாவது வருஷமே தெரியும். நீ உசுரோட இருக்கியான்னு கேக்கத்தான்டா போன் போட்டேன்" என்றான். பிறகு, "நான் கேரியர வுட்டு எறங்கி எவ்ளோ நாளாச்சி! மொதல்ல போயி பிரேக்க மாட்டு."

அழுதுவிட்டேன். முழங்கால் வலி என்று சமாளித்தேன். "தெரியும், தெரியும்" என்றான்.

முன் பிரேக் மாட்டியாயிற்று. கேரியரும் வேண்டுமென்றேன். என்ன ஏற்றப்போகிறீர்கள் என்று கேட்ட கடைக்காரரிடம் காசை நீட்டினேன். இப்போதும் இறக்கம் வந்தால் கை பிரேக்கைப் பிடிக்கிறது, வாய் தன் பாட்டுக்கு "மச்சான்!" என்கிறது. நாய்க்காரப் பாட்டியம்மா அதை என் ஊர் வணக்கம் என்றே முடிவு செய்துவிட்டார். தினமும் தூரத்திலிருந்தே கையை உயர்த்தி, "மச்சான்!" என்று முந்திக்கொள்கிறார். நானும் கையசைக்கிறேன். பின்னால் காலிக் கேரியர் கடகடவென்று ஆடிக்கொண்டே வருகிறது.