வரம்பில் நடக்காமல் பேசிய விலை

அன்று வயல் காவல் குடிசையில், எங்கள் பேச்சில் வாடியில், இருந்தவர்கள் ஆறு பேர். நான். என் மனைவியின் தம்பி. எங்கள் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிலிருந்து ஒரு ஹாஜியார். பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பின் வயல்காரர், மாடு மேய்ந்த வெள்ளாமை அவருடையது. அவர்கள் ஊர் மாதர் சங்கத்து அக்கா. இரண்டு ஊர் வயலுக்கும் தண்ணீர் முறை பார்க்கிற வட்டவிதானை. இவர்களோடு வாடிக் கம்பில் கட்டப்பட்டு நின்ற என் பசு. கூட்டம் என்றால் வந்தவர்களை முதலில் எழுத வேண்டும் என்று சமாதானக் குழுப் பயிற்சியில் சொல்லித்தந்தார்கள். பெயர்களை விட்டுவிட்டு ஆட்களை எழுதியிருக்கிறேன்.

விடியுமுன் பசு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அவருடைய வயலில் இறங்கிவிட்டது. பயிர் குடலைப் பருவம். கதிர் இன்னும் வெளியே வராமல் தண்டுக்குள் இருக்கும் நேரம் அது. அப்போது கடிபட்டால் அந்தப் போகத்துக்கு அந்தப் பயிர் அவ்வளவுதான். பிடித்துக் கட்டிவிட்டார்கள். இந்த வயல்வெளியில், எங்கள் வட்டையில், மாடு இறங்குவதும் கட்டுவதும் புதிதல்ல.

ஆனால் பத்து மணிக்கு யாரோ பசுவைப் படமெடுத்து, வேண்டுமென்றே அவிழ்த்து விட்டார்கள் என்று எழுதி போனில் போட்டுவிட்டார்கள். பதினொரு மணிக்கு எங்கள் பக்கத்திலிருந்து ஒன்று போனது: நம்மட மாட்டைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று. லுஹர் தொழுகை முடிந்து வந்தபோது என் சில்லறைக் கடை வாசலில் எங்கள் ஊர்ப் பொடியன்மாரின் ஏழெட்டு மோட்டார் சைக்கிள். யாரும் எதுவும் வாங்கவில்லை. பொழுது சாய்ந்து மஃரிப் தொழுகைக்கு முன் இதை முடிக்காவிட்டால் சந்தியில் கூட்டம் சேரும், யாராவது ஒருவன் ஒரு கல்லை எடுப்பான், அதற்குக் காரணம் என் மாடு என்று காலத்துக்கும் சொல்வார்கள். இதுவே மனதில் ஓடியது.

கடைக்கு முதலாகப் போட வைத்திருந்த ஐம்பதாயிரத்தை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டேன்.

"மச்சான், அவ்வளவு திண்டிருக்காது" என்றான் மனைவியின் தம்பி.

"கூடினா நல்லம்தானே. வாயை அடைச்சிரும்."

அஸர் தொழுகைக்குப் பிறகு வாடிக்குப் போனோம். அக்கா பிளாஸ்கிலிருந்து பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருந்தா. கோப்பை என் கைக்கு வருமுன் நான் பேக்கை வயல்காரர் முன்னால் வைத்துவிட்டேன்.

"அண்ணன், அம்பதாயிரம் இருக்கு. இதோட முடிப்பம்."

எங்கள் வட்டையில் ஒரு முறை உண்டு. எந்த ஊர்க்காரன் என்றாலும் அதுதான் முறை. மாட்டுக்காரனும் வெள்ளாமைக்காரனும் முதலில் வயல் வரம்பில் நடக்க வேண்டும். வெள்ளாமைக்காரன் முன்னால், மாட்டுக்காரன் பின்னால். சுற்றி வந்து இருந்த பிறகுதான் நட்டத்தைக் கதைக்கலாம். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு வயலுக்கு வந்தவன் நான். எனக்குத் தெரியாத முறையில்லை. பயத்தில் மறந்துபோனேன்.

வயல்காரர் பேக்கைத் தொடவில்லை. எங்கள் ஆட்களை அண்ணன் என்பதற்குக் காக்கா என்றுதான் அவர்கள் கூப்பிடுவது.

"வெள்ளாமைய நீங்க கண்ணாலயும் பார்க்கல்ல காக்கா. பார்க்காம விலை பேசுறீங்க. என்ர வாயை அடைக்கவா வந்தீங்க?"

நான் கடையில் சொன்ன அதே சொல். யாரும் போய்ச் சொல்லியிருக்க முடியாது. ஆனாலும் என் காது சுட்டது.

"வேணாம். பொலிஸுக்கே போவம்" என்று அவர் எழும்பினார். ஹாஜியார் மணிக்கூட்டைப் பார்த்தார்.

அக்காதான் வாயைத் திறந்தா. "காக்கா, அந்தப் பேக்க எடுங்க. எடுங்க எண்டுறன். ஹோட்டல்ல மூணு நாள் சமாதானப் பயிற்சி எடுத்தது பெரிய பேப்பர்ல பூக் கீறவா? ஒழும்புங்க, வரம்பில நடப்பம். அண்ணன், நீங்க முன்னுக்குப் போங்க."

நடந்தோம். மிதிபட்ட இடமெல்லாம் அவர் குனிந்தார். ஒரு தண்டைப் பிளந்து உள்ளேயிருந்த வெள்ளைக் கதிரைக் காட்டினார். பால்கூடப் பிடிக்கவில்லை.

"பசளை வாங்க மனிசிட சங்கிலிய பேங்கில அடைவு வச்சிருக்கு."

"பார்த்தன் அண்ணன்" என்றேன்.

மூன்றாவது வரம்பு திரும்பும்போது அவர் கேட்டார்: "மாடு கறக்குதா?"

"ரெண்டு போத்தல்."

"இண்டைக்கு நாலு போத்தல் கறக்கும். திண்டது என்ர வெள்ளாமையெல்லா!"

முதலில் சிரித்தது அக்கா. பிறகு வட்டவிதானை. நான் சிரிக்கலாமா கூடாதா என்று ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்தார்.

வட்டவிதானை நட்டத்தை நாலு மூட்டை நெல் என்று மதித்தார். அன்றைய விலைக்கு இருபத்தாறாயிரம். நான் மறுபடி பேக்கைத் திறக்கப் போக, ஹாஜியார் என் கையை அமர்த்தினார்.

"அறுவடைக்குத் தாங்க" என்றார் வயல்காரர். "இப்ப மாட்ட அவிழ்த்துக்கொண்டு போங்க, பால் கட்டப்போகுது."

அக்கா எங்கள் இருவரையும் பசுவின் இரண்டு பக்கத்திலும் நிறுத்திப் படமெடுத்து, காலையில் அந்தப் படம் சுற்றிய போன்களுக்கெல்லாம் அனுப்பினா. மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது என் கடை வாசலில் இரண்டு மோட்டார் சைக்கிள்தான் நின்றன. "காக்கா, மாட்டுக்கு மாலை போடல்லியா?" என்று ஒருவன் கேட்டுவிட்டு ஒரு சோடா வாங்கிக்கொண்டு போனான். அந்தப் பகிடி எனக்கு அன்று நல்ல மருந்தாக இருந்தது.

அறுவடை முடிந்து இருபத்தாறாயிரத்தோடு போனேன். எண்ணினார். இரண்டாயிரத்தைத் திருப்பித் தந்தார்.

"இது கடனா நிக்கட்டும். அடுத்த போகம் மாடு வருதா எண்டு பார்ப்பம்."

மாடு வரவில்லை. இரட்டைக் கயிறு போட்டிருந்தேன். அடுத்த அறுவடைக்கும் அந்த இரண்டாயிரத்தைக் கொண்டுபோனேன், வாங்கவில்லை. கடனோடு இறந்து மௌத்தானால் அது கழுத்தில் நிற்கும் என்பது எங்கள் பயம். "அப்ப ஹலாலாக்கி விடுங்க அண்ணன், கடன் இல்லையெண்டு ஒரு சொல் சொல்லுங்க" என்று கெஞ்சினேன்.

"அதெப்படி? கடன் கடன்தான். கிடக்கட்டும்."

பிறகு ஒரு தடவை இரண்டு ஊருக்கும் இடையில் வேறு எதற்கோ சூடு ஏறியது. கடைகளைப் பாதியாகப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு முதலில் வந்த அழைப்பு அவருடையது.

"காக்கா, எங்க நிக்கிறீங்க? வீட்டயா? நல்லம். இஞ்சால நாங்க பொடியன்மாரோட கதைச்சிட்டம். நீங்க அங்கால கதைங்க. எனக்குக் காசு தரவேண்டிய ஆள் நீங்க, ஒண்டும் ஆகப்படாது."

ஹாஜியாரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதைத்தேன். அன்று ஒன்றும் நடக்கவில்லை.

மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: நான் மௌத்தானால் என்னைச் சுற்றக் கபன் துணி வாங்குமுன் அந்தக் காசோடு பாண்டிருப்புக்கு ஆளனுப்பு. போன கிழமையும் காசோடு போனேன். பிளேன்ரீ தந்தார், பசுவின் கன்றைப் பற்றி விசாரித்தார், காசை என் சட்டைப் பைக்குள்ளேயே திருப்பி வைத்தார். இன்னும் கொடுக்க வேண்டியது இரண்டாயிரம் ரூபாய்.