ஐந்து வண்டிகளைத் திறந்த சாவி

சாவியைத் தொலைக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு அந்தக் காலத்தில் எரிச்சல் வரும். என் பிழைப்பே அவர்களால்தான் நடந்தது, அது வேறு விஷயம். கொடைக்கானல் பஜாரில் எனக்கு ஒரு சின்னக் கடை. டார்ச் லைட், குடை, பூட்டு எல்லாம் ரிப்பேர் பார்ப்பேன். சீசன் வந்துவிட்டால் கீழேயிருந்து கார் காராக ஆட்கள் வந்து இறங்குவார்கள். படகில் ஏறி, குனிந்து ஏரித் தண்ணீரை அளைவார்கள். சட்டைப் பையில் இருக்கிற கார் சாவி குளுக்கென்று உள்ளே போய்விடும். அப்புறம் மூச்சு வாங்க என் கடைக்கு வந்து, "சாவி போயிருச்சுங்க" என்பார்கள். என்னமோ அதுவே கால் முளைத்து எழுந்து போனது மாதிரி.

காரைக் கடைக்குத் தூக்கி வர முடியாது. அதனால் கடைதான் காரைத் தேடிப் போகவேண்டும். ஒரு தகரப் பெட்டியில் அரங்கள், பல் வெட்டாத சாவிகள், மெழுகுவர்த்தி, தீப்பெட்டி. இதைத் தூக்கிக்கொண்டு பெருமாள்மலைக்கு பஸ்ஸில் போயிருக்கிறேன். அடுக்கம் கிராமத்துக்கு இறங்குகிற பாதை முனையில், கொட்டுகிற மழையில், கார்க்காரரைக் குடை பிடிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். வெட்டாத சாவியை மெழுகுவர்த்திச் சுடரில் காட்டிக் கரி ஏற்றவேண்டும். அதைப் பூட்டுக்குள் விட்டு லேசாகத் திருகி வெளியே எடுத்தால், உள்ளே இருக்கிற பித்தளைத் தகடுகள் உரசிய இடத்தில் கரி போயிருக்கும். அந்த இடத்தை அரத்தால் ராவவேண்டும். மறுபடி கரி, மறுபடி திருகல், மறுபடி அரம். அரை நாள் ஆகும். கடைசியில் பூட்டு திரும்பும்போது சுற்றி நிற்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். எனக்குத் தலைகால் புரியாது. அந்தத் திமிர் என்னிடம் ஏராளமாக இருந்தது, அதை மறைத்து எழுத எனக்கு மனசு வரவில்லை.

டாக்சி ஸ்டாண்டுக்காரர்கள் மட்டும் சாவியைத் தொலைக்க மாட்டார்கள். அரைஞாண் கயிற்றிலேயே கட்டி வைத்திருப்பார்கள். மொத்தம் எட்டு வண்டி, எட்டும் ஒரே ஜாதிக் கார், எட்டும் கருப்பு. அவர்களுடைய தொல்லை வேறு. பனியிலும் ஈரத்திலும் பூட்டு இறுகிப்போகும். சாவியின் பல் தேய்ந்துபோகும். கதவும் திறக்காது, உள்ளே ஸ்டார்ட் செய்கிற பூட்டும் திரும்பாது. சவாரிக்கு வந்த பார்ட்டி பெட்டியோடு நிற்கும். "வெரசா முடிச்சுக் குடுங்க பாய்" என்று என் உயிரை எடுப்பார்கள். புதுச் சாவி வெட்ட அரை நாள் வேண்டும், அதுவரை எவன் நிற்பான்? நான் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். பூட்டைக் கழற்றி, உள்ளே மக்கர் செய்கிற தகடுகளின் நுனியை அரத்தால் ராவிவிடுவது. ஒன்றிரண்டு ரொம்பச் சண்டித்தனம் செய்தால் பிடுங்கியே எறிந்துவிடுவது. கால் மணி நேர வேலை. "வெண்ணெயாட்டம் திரும்புது பாய்" என்று டீ வாங்கிக் கொடுப்பார்கள். குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

அறுபதுகளின் தொடக்கம். சீசன் முடிகிற சமயம். ஒரு நாள் நண்பகலில் ஸ்டாண்டிலிருந்து ஒரு வண்டி காணாமல் போயிற்று.

அந்த வண்டியின் சொந்தக்காரர் அன்று ஒரு சாவுக்காக வத்தலக்குண்டுக்குப் போயிருந்தார். வண்டியை அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, ஓட்டிக்கொண்டிருந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். அதிர்ந்து பேசாத மனிதர். பகல் சாப்பாட்டுக்கு வண்டியைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனவர், திரும்பி வந்து பார்த்தால் வண்டி இருந்த இடம் காலி. அன்றைக்குப் பனி என்றால் பனி, நீட்டிய கை தெரியாது. வண்டி கிளம்பியதை யாரும் கவனிக்கவில்லை. வண்டிக்கு இருந்தது இரண்டே சாவிகள். ஒன்று சொந்தக்காரரோடு வத்தலக்குண்டில். இன்னொன்று மச்சினனின் இடுப்பில்.

போதாததற்கு, சொந்தக்காரரும் மச்சினனும் பத்து நாள் முன்னால்தான் வாய்ச்சண்டை போட்டிருந்தார்கள். தனியாகப் போய் வண்டி ஓட்டப்போகிறேன் என்று மச்சினன் சொல்லியிருந்தார். அது எல்லாருக்கும் தெரியும். சாயங்காலத்துக்குள் பஜார் முழுக்க ஒரே பேச்சுத்தான். கீழே யாருக்கோ வண்டியைத் தள்ளிவிட்டுவிட்டு நாடகம் ஆடுகிறான் என்றார்கள்.

சாயங்காலம் மச்சினனுடைய அக்கா, அதாவது வண்டிச் சொந்தக்காரரின் மனைவி, என் கடைக்கு வந்தார். தலையெல்லாம் தூறல். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார்.

"பாய், எந்தம்பி பூட்டிட்டுத்தான் வந்தான். எங்கையாலதான் சோறு போட்டேன். ராத்திரி ஸ்டாண்டுல உங்களத்தான் கேக்கப் போறாங்க. வேற வண்டிச் சாவி எதுவும் சேருமோ என்னமோ, அங்க நிக்கிற வண்டிகள்ல ஒருக்கா மாத்தி மாத்திப் போட்டுப் பாத்துட்டுச் சொல்லுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. என் வேலையை ஒரு பொம்பளை சந்தேகப்படுவதா! "இந்தாம்மா, இருவது வருசமா இந்தச் சோலிதான் பாக்குறேன். நான் கை வச்ச பூட்டு அடுத்தவன் சாவிக்குத் தொறக்காது. நீ போயி அடுப்பப் பாரு" என்றேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தூறலில் இறங்கிப் போனார்.

எங்கள் ஸ்டாண்டில் எதற்கும் போலீசுக்குப் போகிற வழக்கம் கிடையாது. போனால் கிடைத்த வண்டியும் வருஷக்கணக்கில் ஸ்டேஷன் வாசலில் மழையில் கிடக்கும் என்பார்கள். முதலில் தங்களுக்குள் கூடிப் பேசுவார்கள். அன்றைக்கும் ஸ்டாண்டுக் கொட்டகையில் கூடினார்கள். சொந்தக்காரர் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கி, குளிக்கக்கூட இல்லாமல் சாவு வீட்டு வேட்டியோடு நின்றார். அந்த வண்டி ஒன்றுதான் அவருக்கு எல்லாம்.

என்னைக் கேட்டார்கள். வயரை இணைத்து வண்டியைக் கிளப்பலாமே என்றார் ஒருவர். கிளப்பலாம்தான், ஆனால் பூட்டின கதவைத் திறந்தால்தானே உள்ளே போக முடியும் என்றேன். கண்ணாடியை உடைத்திருந்தால் ஒரு சில்லாவது தரையில் கிடக்கவேண்டும், நானே தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். யாரும் என்னைச் சத்தியம் செய்யச் சொல்லவில்லை.

"அல்லா அறியச் சொல்றேன். அந்தப் பூட்டு அதோட சாவிக்குத்தான் தொறக்கும். வேற எந்தச் சாவியும் சேராது."

மச்சினன் இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்தார். வலது உள்ளங்கையில் வைத்து நீட்டினார். "இந்தா இருக்கு மச்சான். எங்கிட்டதான் இருக்கு" என்றார். தான் குற்றமற்றவன் என்று காட்டத்தான் அவர் அதை நீட்டினார். நான் பேசிய பேச்சுக்கு அப்புறம் அதுவே அவருக்கு எதிரான சாட்சியாகிவிட்டது. சொந்தக்காரர் பக்கத்தில் கிடந்த ஜாக்கிக் கம்பியை எடுத்தார். எடுத்ததைப் பார்த்தேன், எதற்கு எடுக்கிறார் என்று எனக்கு உறைக்கவில்லை. நீட்டிய கையின் மேலே ஓங்கி இறக்கினார்.

அந்தச் சத்தம். காய்ந்த சுள்ளி முறிகிற மாதிரி இருந்தது. சாவி தெறித்து என் கால் பக்கத்தில் வந்து விழுந்தது. மச்சினன் கத்தக்கூட இல்லை. கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே மடங்கி உட்கார்ந்தார். ஓடிப்போய்த் தாங்கவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. குனிந்து அந்தச் சாவியை எடுத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

ஆஸ்பத்திரியில் மூன்று விரல்கள் நொறுங்கிவிட்டதாகச் சொன்னார்கள். வீட்டில் நான் சோற்றைப் பிசைந்துகொண்டே, திருடினால் இப்படித்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கூட்டத்தில் நான் பேசியது அதற்குள் வீடு வரை வந்திருந்தது. என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "சத்தியம் பண்ணச் சொல்லி உங்கள யாரு கேட்டா?"

மூன்றாம் நாள் காலையில் வண்டி தானாக வந்து ஸ்டாண்டில் நின்றது.

ஓட்டி வந்தவர் கன்னிவாடிக்காரர். மலைக்குப் புதுசு. ஸ்டாண்டில் இருந்த வேறொரு வண்டிக்காரருக்கு இவர் சொந்தம். அந்த வண்டிக்காரர் காய்ச்சலில் லாட்ஜில் படுத்திருந்தார். பழனிக்கு ஒரு பார்ட்டியைக் கூட்டிப்போய் வா என்று சாவியை இவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார். கடைசியில் நிற்கிற கருப்பு வண்டி என்று அடையாளமும் சொல்லியிருக்கிறார். இவர் வந்தபோது பனி. எல்லாமே கருப்பு, எது கடைசி என்று எப்படித் தெரியும்? ஒன்றில் சாவியைப் போட்டார். திரும்பியது. உள்ளே போட்டார். அதுவும் திரும்பியது. பழனிக்குப் போய் இரண்டு நாள் தங்கி, சாமி கும்பிட்டுவிட்டு, பிரசாதத்தோடு வந்து நிற்கிறார். காய்ச்சல்காரரின் சொந்த வண்டி மூன்று நாளும் எல்லார் கண் முன்னாலும் ஸ்டாண்டிலேயே நின்றுகொண்டிருந்தது.

"சாவி சேந்துச்சுங்க. சாவி சேந்தா அதுதானுங்களே வண்டி?" என்று கேட்டார். அவரை யார் என்ன சொல்ல முடியும்?

என்னைக் கூட்டிப்போக ஆள் வந்தது. போனேன். கன்னிவாடிக்காரரின் சாவியையும், அன்றைக்கு நான் தரையிலிருந்து எடுத்து வைத்திருந்த மச்சினனின் சாவியையும் ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைத்துப் பார்த்தேன். ஒன்றில் மூன்று ஆழமான வெட்டு, மற்றதில் ரம்பம் மாதிரி சின்னச் சின்னப் பற்கள். அக்கா தங்கை என்றுகூடச் சொல்ல முடியாது. இரண்டையும் அந்த வண்டியில் மாற்றி மாற்றிப் போட்டேன். இரண்டுக்கும் கதவு திறந்தது. வெண்ணெயாட்டம்.

யா அல்லாஹ். பூட்டு தன் சாவியை அடையாளம் பார்ப்பதே அந்தப் பித்தளைத் தகடுகளை வைத்துத்தான். அது எனக்குத் தெரியாதா? கரி பூசிப் பூசிச் சாவி வெட்டுகிறவனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? தெரிந்தேதான் ராவினேன். அந்தந்த நேரத்துக்கு அந்தந்தப் பூட்டு திரும்பினால் போதும் என்று ராவினேன். ஒரு பூட்டில் செய்ததையும் இன்னொன்றில் செய்ததையும் சேர்த்து ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

எட்டுப் பேரிடமும் சாவியைக் கேட்டு வாங்கினேன். அந்தப் பெண் எதைச் செய்யச் சொன்னாரோ, அதையே மூன்றாம் நாள் செய்தேன். ஒவ்வொரு சாவியாக ஒவ்வொரு வண்டியிலும் போட்டுத் திருப்பினேன். ஐந்து வண்டிகள் எந்தச் சாவிக்கும் திறந்தன. மூன்று வண்டிகள் திறக்கவில்லை. அந்த மூன்று பேரும் பூட்டு விஷயமாக என்னிடம் வந்ததே கிடையாது.

"பூட்டக் கெடுத்தது நாந்தான்" என்று சொன்னேன். அடிப்பார்கள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சொந்தக்காரர் தன் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, வாய்விட்டு அழுதார்.

அவர்கள் வீட்டுக்குப் போனேன். அக்காதான் கதவைத் திறந்தார். "போட்டுப் பாத்தேம்மா" என்றேன். "இப்பவா பாய்?" என்றார்.

மதுரைக்குப் போய்ப் புதுப் பூட்டுகள் வாங்கி வந்து ஐந்து வண்டிகளுக்கும் மாட்டினேன். கட்டுப் பிரித்த பிறகும் மச்சினனுக்கு மூன்று விரல்கள் மடங்கவில்லை. அதே வண்டியின் ஸ்டீயரிங்கை உள்ளங்கையால் தள்ளித் தள்ளி ஓட்டப் பழகிக்கொண்டார். சாவிதான் பிடிபடவில்லை. இடது கையால் திருப்பலாமே என்று கேட்பீர்கள். எங்கள் ஸ்டாண்டில் காலை முதல் ஸ்டார்ட்டை இடது கையால் செய்ய மாட்டார்கள், அபசகுனம் என்பார்கள். ஒவ்வொரு நாளும் வெள்ளனே யாராவது ஒருவர் போய் அவருக்கு வண்டியைக் கிளப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதனால் அவருக்கென்று ஒரு சாவி செய்தேன். விரலால் பிடிக்காமல் உள்ளங்கையை வைத்து அழுத்தியே திருப்பும்படி, தலைப்பக்கத்தில் அகலமான பித்தளைப் பட்டையைப் பற்றவைத்தேன். கொண்டுபோய் ஸ்டாண்டில் அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாய், இது இந்த வண்டிக்கு மட்டுந்தான சேரும்?"

குத்திக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை, அந்த வாயால் நான் ஏற்கெனவே ஒரு தடவை சொல்லியாயிற்று. சாவியை எடுத்துக்கொண்டு நடந்தேன். நின்றிருந்த மற்ற வண்டிகள் ஒவ்வொன்றிலும் அதைப் போட்டுத் திருகினேன். அவர் கூடவே வந்தார். ஏழு வண்டிகளிலும் அது திரும்பவில்லை. ஏழாவதையும் பார்த்த பிறகுதான் வலது கையை நீட்டினார். விரல்கள் நீட்டியபடியே நின்றன. உள்ளங்கையில் சாவியை வைத்தேன். அது நழுவி விழாமல் அவர் கையை என் இரண்டு கைகளாலும் கீழே தாங்கிப் பிடித்துக்கொண்டு, வண்டி வரைக்கும் அவரோடு நடந்தேன்.