வானொலியில் ஆதி தாளம்

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம், கொல்கத்தாவின் சின்ன வானொலி நிலையம் ஒன்றில் பேசப் போயிருந்தேன். பவானிபூரில் பிறந்து வளர்ந்தவள் நான். பள்ளியில் கணக்கு டீச்சர். வீட்டில் தமிழ், வெளியே வங்காளம். கர்நாடக சங்கீதம் பற்றிப் பத்து நிமிஷம் வங்காளத்தில் பேச வேண்டும். அடுத்து ஒரு வயலின் வித்வான் நேரலையில் வாசிப்பார். அவ்வளவுதான் ஏற்பாடு.

எழுதி வைத்திருந்ததைப் படித்து முடித்து நிமிர்ந்தால், எதிரே அறிவிப்பாளர் பெண் ஒரு தாளை உயர்த்திக் காட்டுகிறாள்: "வித்வான் மழையில் மாட்டிக்கொண்டார். பேசிக்கொண்டே இருங்கள்."

தாளைப் புரட்டிப் பார்த்தேன். கையில் ஒரு வரி மிச்சமில்லை. நல்லவேளை, வங்காள வழக்கப்படி என்னை அக்கா என்று அழைத்து அவளே கேட்டாள்: "திதி, கச்சேரியில் எல்லாரும் தொடையில் தட்டுகிறார்களே, அது என்ன கணக்கு?"

கணக்கு என்றதும் தைரியம் வந்துவிட்டது. "எல்லாரும் வலது கையைத் தொடையில் வையுங்கள். ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். நாலாச்சா? இப்போது ஒரு தட்டு, கையைத் திருப்பு. இன்னொரு தட்டு, திருப்பு. எட்டு!"

முகம் தெரியாத நேயர்களை வகுப்புப் பிள்ளைகள் மாதிரி அதட்டவே ஆரம்பித்துவிட்டேன். கூடவே தாளம் போட்ட அறிவிப்பாளர் மூன்றாவது சுற்றில் கட்டைவிரலுக்குப் போய்விட்டாள்.

"அது எங்கிருந்து வந்தது?" என்றேன். அவள் சிரிப்பை அடக்க மைக்கை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நேயர்கள் போன் செய்யத் தொடங்கினார்கள். நியூ டவுனிலிருந்து ஒரு பெரியவர், இடது கையால் போடலாமா என்று கேட்டார். தாராளமாக என்றேன். அடுத்து ஒரு ஆட்டோக்காரர்.

"வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் போடுங்கள், தாதா!" என்று அந்த அண்ணனிடம் சொன்னேன்.

"ஸ்டாண்டில்தான் நிற்கிறேன் திதி. பின்னால் சவாரியும் போடுகிறார்!"

வித்வான் சொட்டச் சொட்ட வந்து சேர்ந்தபோது இருபது நிமிஷம் ஓடியிருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டே சுருதி சேர்த்து, ஆதி தாளத்தில் ஒரு கீர்த்தனையை எடுத்தார். என்னை வெளியே போகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை; மூலையில் உட்கார்ந்துகொண்டேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து போயிருந்த அறிவிப்பாளர் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள், ஒரு விரல்கூடத் தப்பாமல். பதினெட்டு வருஷம் பாடம் நடத்தியும் அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை.

வீட்டுக்கு வந்தால், கதவைத் திறந்த கணவர் முதலில் சொன்னது இதுதான்: "மேல் வீட்டு வங்காளி மாமி மூணு தடவை வந்துட்டா. அடுத்த தாளம் எப்போ சொல்லித் தருவேன்னு கேக்கறா."