கெட்டிமேளம் கேட்டால் ஓடும் கால்கள்

எங்கள் கல்யாண மண்டபம் பரமத்தி வேலூர் போகும் சாலையில், கோழிப்பண்ணைகளுக்கு நடுவே இருக்கிறது. கூட்டுவது, கழுவுவது, நாற்காலிகளுக்கு உறை மாட்டுவது, எல்லாம் முடிந்ததும் அவிழ்ப்பது என் வேலை. பன்னிரண்டு வருடங்களில் நான் இல்லாமல் அங்கே ஒரு கல்யாணம் நடந்ததில்லை. ஒன்றுக்கும் எனக்குப் பத்திரிகை வந்ததும் இல்லை.

ஆட்களை எனக்கு முகத்தை வைத்துத் தெரியாது, அவர்கள் உட்காரும் விதத்தை வைத்துத்தான் தெரியும். கல்யாணத்துக்கு வருகிறவர்கள் மின்விசிறிக்கு அடியில் இருக்கும் நாற்காலியை முதலில் பிடிப்பார்கள். பண்ணைக்காரர்கள் கூட்டம் என்றால் கடைசி வரிசையிலிருந்து நிரம்பும்; மேடையில் பேசுகிற கோழி டாக்டர் கேள்வி கேட்டுவிடுவார் என்று பயம். வெற்றிலை போடும் பெரியவர்கள் சுண்ணாம்பு விரலைத் துடைக்க வெள்ளைத் தூணாகப் பார்த்து நகர்வார்கள். வெள்ளையில் வெள்ளை யாருக்குத் தெரியும் என்று நினைப்பு. எனக்குத் தெரியும், ஐயா. நான்தானே சுரண்டுகிறேன்.

எங்களுக்குக் கடிகாரம் கெட்டிமேளம்தான். தவில் வேகமெடுத்ததும் பாதிக் கூட்டம் நின்ற இடத்திலிருந்தே அட்சதையை மேடைப் பக்கம் வீசிவிட்டு முதல் பந்திக்குப் பாயும். அட்சதை மணமக்கள் தலையில் விழுந்ததா, முன்வரிசைக்காரர் வழுக்கையில் விழுந்ததா என்று ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அவர்கள் வந்து சேர்வதற்குள் நாங்கள் மேசை துடைத்து, காகிதம் விரித்து, கை கழுவும் இடத்தில் தேங்கிய தண்ணீரைத் தள்ளியாக வேண்டும். இல்லாவிட்டால் பட்டுச்சேலையோடு யாராவது வழுக்கி விழுவது நிச்சயம். அதனால் மேளத்தின் முதல் அடிக்கே கிளம்பிவிடுவோம். இத்தனை கல்யாணத்தில் ஒரு தாலி ஏறுவதைக்கூட நான் பார்த்ததில்லை.

என் மகளின் கல்யாணமும் அதே மண்டபத்தில்தான் நடந்தது. மாப்பிள்ளைக்குப் பள்ளிபாளையம்; தறி ஓட்டும் குடும்பம்.

மகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுடைய அப்பா ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போனால் மாதக்கணக்கில் திரும்பமாட்டார். நான் உள்ளூரில் இருந்தும் இல்லாத மாதிரிதான். அவள் பள்ளி ஆண்டு விழாவில் ஆடியபோது நான் யாரோ ஒருவருடைய வரவேற்புக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் பட்டம் வாங்கிய நாளும் பார்த்து முகூர்த்த நாளாக அமைந்தது. அவளுக்கு நல்ல நாள் என்றால் எனக்கு வேலை நாள். ஒருநாளும் அவள் இதைக் குறையாகச் சொன்னதில்லை. கல்யாணத்துக்கு முதல் நாள் மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"அம்மா, தாலி கட்டறப்ப நீ எங்கண்ணு முன்னால நிக்கோணும். அது ஒண்ணு போதும்."

"நிக்காம நான் எங்க போறேன், சாமி?"

மறுநாள் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்து மேடையோரம் நின்றேன். என்னோடு வேலை செய்யும் அக்கா முன்யோசனைக்காரி. விளக்குமாறு அத்தனையையும் எனக்குத் தெரியாமல் மாடிப்படிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தாள். மேடை விரிப்பின் மடிப்பில் உடைந்த பலூன் துண்டு ஒன்று கிடந்தது. குனியத் துடித்த இடுப்பை நிமிர்த்திக்கொண்டு மகளையே பார்த்தேன். அட்சதைத் தட்டு வந்தது. கை நிறைய எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் வாங்கினார். கெட்டிமேளம் முழங்கியது.

அடுத்து எனக்கு நினைவிருப்பது காலடியில் ஈரம். சேலையைத் தூக்கிச் செருகியிருக்கிறேன். வலது கையில் வைப்பர், தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருக்கிறேன். இடது கை முஷ்டிக்குள் அட்சதை அப்படியே இருக்கிறது. விளக்குமாற்றை ஒளித்த அக்காவுக்கு வைப்பர் ஞாபகம் வரவில்லை போலும்.

மேசைக்குப் பின்னாலிருந்து அந்த அக்கா என்னைப் பார்த்துவிட்டாள்.

"ஏனுங்க சம்மந்தியம்மா, உங்கூட்டு விசேசத்துல உங்கள ஆரு வேலைக்குக் கூப்புட்டது?" என்று சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அடிப்பாவி, ஓடு!"

ஓடினேன். பந்திக்கு வரும் கூட்டம் எதிரே வெள்ளமாக வந்தது. ஒருவரும் வழிவிடவில்லை, சாப்பாட்டுக்குப் போகிறவர்களிடம் பெண்ணின் அம்மா என்று சொல்லி என்ன பயன்? மேடைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். முஷ்டியைத் திறந்து வீசினேன். நனைந்த அரிசி உள்ளங்கையிலேயே ஒட்டிக்கொண்டது. நாலைந்து மட்டும் விழுந்தன. எனக்கு என் மீதே அப்படி ஒரு கோபம் வந்தது.

சடங்குகள் முடிந்து மாடியில் மணமகள் அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது மகள் கேட்டாள்.

"பாத்தியாம்மா?"

"கண்ணு நெறையப் பாத்தேன், சாமி."

"நாத்தனாரு முடிச்சுப் போட்டதையுமா?"

"அதுக்கென்ன, நல்லாத்தான் போட்டாங்க. கைகூட நடுங்குல."

"அவங்க போடவே இல்லம்மா. கைக்கொழந்த அழுதுச்சுன்னு தூக்கிட்டு எறங்கிட்டாங்க. மூணையும் அவரேதான் போட்டாரு."

பொய் சொல்லக்கூட முழுதாகத் தெரியாத அம்மாவாக நின்றேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் திட்டவில்லை. என் சேலையின் நனைந்த கரையைப் பார்த்தாள். பிறகு திரும்பி உட்கார்ந்து, பின்னலையும் மல்லிகைச் சரத்தையும் ஒரு பக்கமாக ஒதுக்கினாள்.

"பாக்குலீன்னா என்ன? தொட்டுப் பாரு."

கழுத்தின் பின்னால் மஞ்சள் கயிற்றைத் தொட்டேன். முதல் முடிச்சு, அறுந்த இழையைத் தறிக்காரர் முடிகிற மாதிரி சின்னதாக, இறுக்கமாக இருந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கொஞ்சம் தளர்வு. அதற்குள் மாப்பிள்ளைக்கும் கை நடுங்கியிருக்கும். எனக்கு அழுகை பொங்கி வந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

கீழே இரண்டாம் பந்திக்கு நாற்காலிகளை இழுக்கும் சத்தம் கேட்டது. கால் ஒருமுறை துடித்தது. நான் விரலை எடுக்கவில்லை.