போதகருக்காகத் தாழ்த்திய சுருதி

கடம்பத்தூரில் எங்கள் ஆலயத்து மின்பியானோவுக்கு எண்பத்தெட்டுக் கட்டைகளும் உண்டு. தொண்டை அறுவை சிகிச்சைக்குப் பின் போதகரின் குரல் மேலே எழவில்லை என்பதால், அதன் சுருதியை இரண்டு படி தாழ்த்தி, யாரும் மாற்றிவிடாதபடி சுருதிப் பொத்தான்மேல் டேப் ஒட்டியவள் நான்தான். பிறகு அதை அடியோடு மறந்துபோனேன்.

அந்தக் கருவியில்தான் ரொமான்டிக் காலத்துச் சொனாட்டா என்ற நீண்ட பியானோ இசைக்கோவை ஒன்றை ஓராண்டாகப் பயின்றேன். சென்னையில் அதை வாசித்துத் தேர்வானால் வெளிநாட்டில் பயிற்சி. வயது வரம்பின்படி அதுவே எனக்குக் கடைசி வாய்ப்பு. அதற்காகக் கும்மிடிப்பூண்டி ஆலையில் பார்த்துவந்த தரப் பரிசோதகர் வேலையை விட்டிருந்தேன். என் முடிவின் பாரம் காக்களூர் ஆலையில் இரட்டை ஷிஃப்ட் பார்க்கும் அப்பாவின் முதுகில் இறங்கும் என்று தெரிந்தேதான் விட்டேன்.

தேர்வுக்கு முந்தைய நாள் அரங்கில் ஒத்திகை. நிஜப் பியானோவில் கை வைத்ததும் ஒவ்வொரு ஒலியும் அந்நியமாகக் கேட்டது.

"சுருதி ஏறியிருக்குதுங்க" என்றேன்.

அரங்கின் சுருதி சேர்ப்பவர் சோதித்துவிட்டு, "சரியாத்தாம்மா கீது" என்றார்.

அப்போதுதான் டேப் நினைவுக்கு வந்தது. ஓராண்டாகப் பழகிய தாழ்ந்த ஒலியைத் தேடி, விரல்கள் தாமாகவே இரண்டு கட்டை இடப்பக்கம் நழுவிக்கொண்டிருந்தன.

மாலையில் ரயிலடிக்கு வந்த அப்பா முகத்தைப் பார்த்ததும் கேட்டார்: "இன்னாமா, அந்த பியானோ ரிப்பேரா?"

"இல்லப்பா. என் காதுதான் ரிப்பேரு."

"அப்ப காத மூடிக்கினு வாசி."

வேறு வழியும் இல்லை; ஓராண்டுப் பழக்கத்தை ஓரிரவில் காதிலிருந்து அழிக்க முடியாது. அன்றிரவு ஆலயத்தில் ஒலியை முழுவதும் அணைத்துவிட்டு வெறும் விரல்களால் வாசித்தேன். கட்டைகள் தடதடத்தன.

பெஞ்சில் இருந்த அப்பா, "சத்தமே இல்லாம இவ்ளோ வேலையா? எங்க மெஷினே தேவல" என்றார். நான் சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை.

மறுநாள் தேர்வில் முதல் பகுதியைக் காதுக்கு இடங்கொடுக்காமல் கடந்தேன். இரண்டாம் பகுதியில் ஒரு சுரத்தை நீளப் பிடித்து நிறுத்த வேண்டும். அரங்கின் நிசப்தத்தில் அது முழங்கியதும் காது விழித்துக்கொண்டது. அடுத்த தாவலில் இடக்கை இரண்டு கட்டை தள்ளி விழுந்தது. வலக்கை அதைத் துரத்தியது. நின்றுவிட்டேன். மீண்டும் தொடங்க விதிகளில் இடமில்லை. நடுவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "நன்றி" என்றார்.

ஞாயிறன்று போதகர் என்னருகே வந்து குனிந்தார். "பரீட்ச இன்னாமா ஆச்சி? உனுக்காக தெனமும் ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன்."

அவர் குரலுக்காகச் செய்ததுதான் என்னைக் கவிழ்த்தது என்று சொன்னால், இனி அவர் வாய் திறந்து பாடுவாரா?

"முடிஞ்சிச்சி பாஸ்டர்" என்றேன்.

"நல்லது. இன்னிக்கி தொண்ட ரொம்பப் பேஜாரா கீது. இன்னும் ஒரு படி எறக்கிக் குடேன்."

டேப்பைப் பிரித்து மூன்றாம் படிக்கு இறக்கினேன். பசை போயிருந்தது, டேப் மறுபடி ஒட்டவில்லை. கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே, மறு கையால் முதல் பாட்டுக்குச் சுருதி கொடுத்தேன்.